புள்ளிக் கழிப்பும் அபராதமும் முடிவைத் திருப்பிய ஆட்டங்கள்: அனுபவப் பகிர்வு

கூட்டல்கழித்தல்:

ஓர் அணிக்கு இத்தனை புள்ளி கழித்தார்கள் என்று செய்தி வந்ததும் ‘அநியாயம்’ என்று ஒரு பக்கமும் ‘இது போதாது’ என்று மறுபக்கமும் சத்தம் கிளம்பிவிடுகிறது. அந்தப் புள்ளியைத் திரும்பச் சேர்த்தால் பட்டியலில் யார் எங்கே நிற்பார்கள் என்று பார்ப்பவர்கள் குறைவு. நீங்கள் கவனித்த ஆட்டங்களை எண்களோடு எழுதுங்கள்.

நான் முதலில் வைப்பது உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பின் முதல் சுற்று. 2020 டிசம்பரில் மெல்போர்னில் இந்தியாவுக்கு எதிராக ஆஸ்திரேலியா குறித்த நேரத்துக்குள் வீச வேண்டியதில் 2 ஓவர் பின்தங்கியது. அப்போதைய விதிப்படி ஓர் ஓவருக்கு 2 புள்ளி, ஆக 4 போனது. சுற்றின் முடிவில் நியூசிலாந்து எடுக்கக்கூடிய 600 புள்ளிக்கு 420, அதாவது 70.0 சதவீதம். ஆஸ்திரேலியா 480-க்கு 332, அதாவது 69.2 சதவீதம். அந்த 4 புள்ளியைச் சேர்த்தால் 336. அதுவும் அச்சொட்டாக 70.0 சதவீதம்! சமநிலை வந்தால் பார்க்கும் விக்கெட்டுக்கான ரன் விகிதத்தில் ஆஸ்திரேலியாதான் மேலே இருந்தது. இறுதிப் போட்டிக்கு நியூசிலாந்து போனது, 2021 ஜூனில் சவுத்தாம்ப்டனில் இந்தியாவை வென்று கோப்பையையும் எடுத்தது. மெல்போர்னில் வீசாமல் விட்ட 12 பந்துகளுக்கு இவ்வளவு விலை.

மெல்போர்ன் டெஸ்டில் ஆஸ்திரேலியா தோற்றதால் அன்று எல்லோரும் தோல்வியைத்தான் பேசினார்கள். 4 புள்ளி செய்தியின் கடைசி வரியில் கிடந்தது.

கோல்கீப்பர்_1:

கால்பந்தில் இதற்கு நிகரானது இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 1996-97 மிடில்ஸ்பரோ. 1996 டிசம்பர் 21 அன்று பிளாக்பர்னில் ஆட வேண்டிய ஆட்டத்துக்கு, வீரர்கள் பலருக்கு நோயும் காயமும் என்று சொல்லி அணி போகவே இல்லை. தண்டனை 3 புள்ளி. பிறகு அதே ஆட்டத்தை ஆடி டிரா செய்து 1 புள்ளி எடுத்தார்கள். கடைசிப் பட்டியல்: கோவென்ட்ரி 41, சண்டர்லாந்து 40, மிடில்ஸ்பரோ 39, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 34. கடைசி மூன்று அணிகள் கீழ்ப் பிரிவுக்கு.

‘3 புள்ளி திரும்பி வந்திருந்தால் 42, தப்பித்திருப்பார்கள்’ என்பது எல்லோரும் சொல்வது. அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. அன்று இருக்கிற இளைஞர்களை வைத்து 11 பேரை இறக்கித் தோற்றிருந்தால்? தண்டனை இல்லை, டிராவில் வந்த 1 புள்ளியும் இல்லை: 42-இல் 1 போக 41. கோவென்ட்ரியும் 41. கோல் வித்தியாசத்தில் கோவென்ட்ரி மைனஸ் 16, மிடில்ஸ்பரோ மைனஸ் 9. ஆகவே அந்த ஆட்டத்தில் 8 கோல் வித்தியாசத்தில் தோற்றிருந்தால் மட்டுமே கோவென்ட்ரிக்குக் கீழே போயிருப்பார்கள். 0-7 என்று அவமானப்பட்டுத் திரும்பியிருந்தாலும் பிரீமியர் லீக்கில் நின்றிருப்பார்கள்.

அணி மேலாளர்கள் இதை மனப்பாடமே செய்து வைக்கலாம். பலவீனமான அணியோடு ஆடித் தோற்பதன் இழப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஆடாமல் இருப்பதன் இழப்பை வேறொருவர் தீர்மானிக்கிறார்.

பட்டியல்_பார்வை:

இதோடு 2009-10 போர்ட்ஸ்மத்தையும் சேர்க்கலாம். நிதி நெருக்கடியில் நிர்வாகம் கடன் விவகாரத்தைத் தீர்க்க நியமிக்கப்பட்டவர்கள் கைக்குப் போனதும் 9 புள்ளி கழித்தார்கள், அதனால்தான் கீழே இறங்கினார்கள்.

கோல்கீப்பர்_1:

இல்லை நண்பரே, இது பலரும் செய்யும் பிழை. போர்ட்ஸ்மத் 19 புள்ளியோடு முடித்தது. 9-ஐச் சேர்த்தால் 28. அதற்கு மேலே இருந்த பர்ன்லியும் ஹல்லும் ஆளுக்கு 30. சேர்த்தாலும் கடைசி இடம்தான்.

கழிப்பு நடந்தது என்பதும், கழிப்பு முடிவை மாற்றியது என்பதும் வேறு வேறு. உண்மையாகவே மாற்றியது என்றால் 2007-08 லீட்ஸைச் சொல்லுங்கள். மூன்றாம் நிலைப் பிரிவில் 15 புள்ளி கழிக்கப்பட்ட நிலையில் தொடங்கினார்கள். களத்தில் சம்பாதித்தது 91, பட்டியலில் 76, ஐந்தாம் இடம். முதலிடம் ஸ்வான்சி 92, இரண்டாமிடம் ஃபாரஸ்ட் 82. முதல் இரண்டு அணிகளுக்கு நேரடி உயர்வு. 91 இருந்திருந்தால் லீட்ஸ் நேராக மேலே போயிருக்கும். உயர்வுக்கான பிளே-ஆஃபுக்குத் தள்ளப்பட்டு, இறுதியில் டான்காஸ்டரிடம் 0-1 என்று தோற்று, இன்னும் இரண்டு ஆண்டு அதே பிரிவில் கிடந்தார்கள்.

அடுத்த ஆண்டு நான்காம் பிரிவில் மூன்று அணிகளை ஒரே பட்டியலில் வைத்துப் பார்க்கலாம். போர்ன்மத்துக்கு 17, ராதர்ஹாமுக்கு 17, லூட்டனுக்கு 30. முதல் இரண்டும் தப்பின. லூட்டன் களத்தில் 56 எடுத்தும் 26-இல் முடித்து லீக்கை விட்டே வெளியேறியது. ஏறக்குறைய இரண்டு ஆட்டத்துக்கு ஒரு வெற்றி என்ற வேகத்தில் ஆடினால்தான் 30-ஐ ஈடுகட்ட முடியும். அப்படி ஆடக்கூடிய அணி அந்தப் பிரிவில் உயர்வுக்குப் போட்டியிடும் அணியாகத்தான் இருக்கும்.

பட்டியல்_பார்வை:

திருத்தத்துக்கு நன்றி. அப்படியானால் மேல்முறையீட்டில் குறைந்த புள்ளிகளையும் இதே மாதிரி அளக்க வேண்டும். 2006 இத்தாலிக் கால்பந்து முறைகேட்டு விவகாரத்தில் ஏ.சி. மிலானுக்கு முதலில் 2005-06 பருவத்திலிருந்து 44 புள்ளி கழித்தார்கள். 88 சரிபாதியாக 44 ஆனது, ஐரோப்பியப் போட்டி இல்லை. மேல்முறையீட்டில் கழிப்பு 30 ஆகக் குறைந்து கணக்கு 58-க்கு வந்தது. மூன்றாம் இடம், சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று. அந்த வழியாக உள்ளே போன மிலான்தான் 2007 மே மாதம் ஏதென்ஸில் லிவர்பூலை 2-1 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. மேல்முறையீட்டில் திரும்பக் கிடைத்த 14 புள்ளி இல்லையென்றால் அவர்கள் அந்தப் போட்டியிலேயே இல்லை.

அதே விவகாரத்தில் யுவென்டஸ் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. கழிப்பு 30-இல் தொடங்கி 17 ஆகி, கடைசியில் 9-இல் நின்றது. 9 போக 85 எடுத்து முதலிடம் பிடித்தார்கள்.

பருவத்தின் நடுவில் எண் மாறிக்கொண்டே இருப்பதுதான் மற்ற அணிகளுக்கும் பெரிய தொல்லை. 2023-24-இல் எவர்டனுக்கு நவம்பரில் 10, பிப்ரவரியில் அது 6 ஆனது, ஏப்ரலில் இன்னும் 2. ஃபாரஸ்டுக்கு மார்ச்சில் 4. கீழே போராடிய லூட்டனுக்குத் தான் எத்தனை புள்ளி எடுத்தால் போதும் என்பதே மாதத்துக்கு மாதம் மாறியது. கடைசியில் எவர்டன் 40, ஃபாரஸ்ட் 32, லூட்டன் 26. இறங்கியவர்கள் பட்டியல் மாறவில்லைதான். ஆனால் பிப்ரவரியில் டிராவுக்கு ஆடுவதா, வெற்றிக்குப் பாய்வதா என்று முடிவெடுப்பவருக்குப் பட்டியலே நம்பகமில்லை என்றால் எப்படி? இதனால்தான் புள்ளியைத் திரும்பச் சேர்த்துப் பார்க்கும் கணக்கு முழு உண்மை ஆகாது. கழிப்பு தெரிந்த நாளிலிருந்து எல்லோரும் ஆடும் விதமே மாறிவிடுகிறது.

நான்காம்நடுவர்:

டெஸ்டில் ஓவர் வீசும் வேகத்துக்கு வருகிறேன். மணிக்கு 15 ஓவர் என்பது எல்லோருக்கும் தெரியும். கழிவுகள் பலருக்குத் தெரியாது. விழும் விக்கெட்டுக்கு 2 நிமிடம், தண்ணீர் இடைவேளைக்கு 4 நிமிடம், காயம், மறுபரிசீலனை, மட்டையாளர் செய்யும் தாமதம் எல்லாவற்றையும் கழித்த பிறகே கணக்கு. எதிரணியின் இரண்டு இன்னிங்ஸையும் சேர்த்து ஆட்டம் முடிந்த பின் சராசரி எடுக்கிறார்கள். ஓவருக்கு 1 புள்ளி என்பது 2021-இல் தொடங்கிய சுற்றிலேயே வந்தது. 2023-இல் விதி மாறி, ஆட்டச் சம்பளத்தில் ஓவருக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 50 சதவீதம் என்றானது. இரண்டாவது புதிய பந்துக்கு முன், அதாவது 80 ஓவருக்குள் எதிரணியை ஆட்டமிழக்கச் செய்தால் அந்த இன்னிங்ஸுக்குத் தண்டனை இல்லை.

2023 ஆஷஸில் இங்கிலாந்து 19 புள்ளி இழந்தது, ஆஸ்திரேலியா 10. தொடர் 2-2. ஆளுக்கு 28 வர வேண்டிய இடத்தில் 9-உம் 18-உம்தான் வந்தது. ஆஸ்திரேலியாவின் 10 முழுவதும் மான்செஸ்டரில் போனது. காரணம் தெளிவு: நேதன் லயன் காயத்தில் வெளியே, முழுநேரச் சுழற்பந்து வீச்சாளர் யாருமே இல்லாமல் இறங்கினார்கள். இங்கிலாந்து 107.4 ஓவரில் 592. ஒவ்வொரு பவுண்டரிக்கும் பந்து திரும்பி வர வேண்டும், களத்தடுப்பை மாற்ற வேண்டும், வேகப்பந்து வீச்சாளர் திரும்ப நடக்க வேண்டும். மழையால் டிரா, கையில் 4 புள்ளி, அபராதம் 10. அந்த டெஸ்டில் ஆடியதால் 6 புள்ளி நஷ்டம்.

கேப்டன்கள் கடைசி ஒரு மணி நேரத்தில் அவசரப்படுகிறார்கள். அது பலன் தராது. உணவு இடைவேளைக்கு முன்பே 2 ஓவர் பின்தங்கியிருந்தால் அடுத்த அமர்வில் ஒரு முனையில் 8 ஓவராவது சுழலைப் போட வேண்டும். ஓவர்களுக்கு இடையே களத்தடுப்பாளர்கள் ஓடி இடம் மாறினாலே ஓவருக்குச் சில விநாடிகள் மிச்சம்.

டி20-இல் தண்டனை உடனே விழுகிறது, அதுதான் சரி என்று நினைக்கிறேன். குறித்த நேரத்துக்குள் கடைசி ஓவரைத் தொடங்கும் நிலைக்கு வராவிட்டால், மிச்ச ஓவர்களுக்கு வட்டத்துக்கு வெளியே 5 பேருக்குப் பதில் 4 பேர். அடுத்த ஓவரைத் தொடங்க 60 விநாடிக் கடிகாரமும் உண்டு: இரண்டு எச்சரிக்கை, மூன்றாவது முறை 5 ரன். 2024 உலகக் கோப்பையில் நியூயார்க்கில் அமெரிக்கா இதில் சிக்கியது. 30 பந்தில் 35 என்றிருந்த இந்தியாவின் தேவை, பந்து வீசாமலே 30 பந்தில் 30 ஆனது.

பிட்லேன்:

பார்முலா ஒன்னில் 2020 ரேசிங் பாயிண்ட். பின்சக்கர பிரேக் காற்றுக்குழாய் வடிவமைப்புக்காக 15 புள்ளியும் 4 லட்சம் யூரோவும் அபராதம். பருவ முடிவில் அணிகள் பட்டியலில் மெக்லாரன் 202, ரேசிங் பாயிண்ட் 195. சேர்த்தால் 210, மூன்றாம் இடம் அவர்களுடையது.

5 விநாடித் தண்டனையை நிறைவேற்றும் முறையில் கவனம் வேண்டும். கார் பிட்டில் (சக்கரம் மாற்ற நிற்கும் இடம்) நின்றதும் 5 விநாடி முடியும்வரை யாரும் வேலை தொடங்கக் கூடாது. 2023 சவூதி அரேபியாவில் ஓட்டுநர் அலோன்சோவின் காரைப் பின்பக்க ஜாக்கி முன்கூட்டியே தொட்டுவிட்டது என்று 10 விநாடி கூடுதலாகக் கொடுத்து மூன்றாம் இடத்தைப் பறித்தார்கள். தொடுவது வேலை செய்வதாகுமா என்பதில் தெளிவான உடன்பாடு இல்லை என்று அணி காட்டியதும் இடம் திரும்பக் கிடைத்தது. ஜாக்கியைக் காரிலிருந்து ஓர் அடி தள்ளிப் பிடித்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

ரெய்டர்_லாபி:

ஒற்றைப் புள்ளி எவ்வளவு கனமானது என்பதைக் குத்துச்சண்டையில் பாருங்கள். ஒலிம்பிக் முறையில் 3 சுற்று, 5 நடுவர்கள். இரண்டு சுற்றை வென்றவருக்கு வழக்கமாக 29-28. ரெஃப்ரி ஓர் எச்சரிக்கை கொடுத்தால் ஐந்து பேரின் தாளிலும் 1 கழியும். 29-28 எல்லாம் 28-28 ஆகிவிடும், பிறகு ஒவ்வொரு நடுவரும் யாரை விரும்புகிறார் என்பதே முடிவு. தலையைத் தாழ்த்தி உள்ளே நுழையும் பழக்கம் உள்ளவருக்கு ரெஃப்ரி ஒருமுறை வாய்மொழியாகச் சொன்னதுமே அதை நிறுத்தியாக வேண்டும்.

கபடியில் இரண்டு ரெய்டு வெறுமையாகப் போனால் மூன்றாவது வாழ்வா சாவா ரெய்டு. புள்ளி எடுக்காமல் திரும்பினால் ரெய்டர் அவுட், எதிரணிக்கு 1. இந்த நெருக்கடியில்தான் யாரையும் தொடாமலே லாபியில் (களத்தின் இரு பக்கவாட்டுப் பட்டை) கால் வைக்கும் பிழை நடக்கிறது. 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியில் 28-28 என்ற நிலையில் இந்திய ரெய்டர் லாபிக்குள் போக, ஈரான் தடுப்பாளர்கள் பின்தொடர்ந்தார்கள். எந்த விதிப்படி எத்தனை புள்ளி என்று ஆட்டம் நீண்ட நேரம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29. தடுப்பாளர்களுக்குப் பாடம் இதுதான்: தொடுதல் உறுதியாகாதவரை ரெய்டர் பின்னால் லாபியில் கால் வைக்காதீர்கள்.

விதிநூல்:

தவறாக விழுந்த தண்டனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜிம்னாஸ்டிக்ஸில் தரைப் பயிற்சியின்போது ஒரு கால் கோட்டுக்கு வெளியே போனால் 0.1, இரண்டு காலும் போனால் 0.3. 2024 பாரிஸில் ருமேனியாவின் சப்ரினா வோய்னியாவுக்கு 0.1 கழித்து 13.700 கொடுத்தார்கள். அவர் கோட்டைத் தாண்டவில்லை என்றே காணொளியைப் பார்த்த பலரும் சொன்னார்கள். 13.800 என்றால் மூன்றாம் இடத்துக்கான எந்தக் கணக்கிலும் அவர்தான் முன்னால். பயிற்சியாளர் தரப்பு கடினநிலை மதிப்பெண்ணைத்தான் கேள்வி கேட்டது, கோட்டுத் தண்டனையைக் கேட்கவில்லை. விளையாட்டுத் தகராறுகளை விசாரிக்கும் சர்வதேசத் தீர்ப்பாயத்துக்குப் போனபோது களத்தில் எடுத்த முடிவைத் தொட மாட்டோம் என்றார்கள்.

மனுவில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. மதிப்பெண் திரையில் வந்ததும் மொத்தத்தைப் பார்க்காமல் முதலில் கழிவு நிரலைப் பாருங்கள்.

கூட்டல்கழித்தல்:

எல்லோருக்கும் நன்றி. போட்டி நடத்துபவர்கள் இருவர் தனியாகக் கேட்டிருந்தார்கள், அதனால் இதையும் சேர்க்கிறேன். தொடர் தொடங்கும் முன் விதித்தாளில் நான்கு வரி எழுதுங்கள்: எந்தத் தவறுக்கு எத்தனை புள்ளி; அது இந்தத் தொடரிலா, அடுத்ததிலா; மேல்முறையீட்டுக்கு எத்தனை மணி நேரம்; சமநிலை வந்தால் கழித்த பிறகுள்ள புள்ளியா, களத்தில் எடுத்த வெற்றிகளா, எது முதலில். நான்காவது வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், கடைசி நாளில் சண்டை வருவதும் அங்கேதான். பட்டியலை ஒட்டும்போது களத்தில் எடுத்தது, கழித்தது, மிச்சம் என்று மூன்று நிரல் போடுங்கள். வெறும் மிச்சத்தை மட்டும் போட்டால் கழிப்பு இரண்டு முறை நடந்துவிடும் ஆபத்து உண்டு.