கிளரித்ரோமைசினும் அம்மாவின் கொலஸ்ட்ரோல் குளிசையும்

வெள்ளவத்தை:
அன்டிபயோடிக்கால் வந்த கஷ்டங்களைப் பற்றி இங்கே பேசுகிறோம்; வயிற்றைப் பிரட்டியது, சத்தி வந்தது என்றெல்லாம் பலர் எழுதுகிறீர்கள், சரி. எங்கள் வீட்டில் நடந்தது வேறு. அம்மாவுக்கு நெஞ்சுச் சளி கட்டி, வழமையாகக் காட்டும் டொக்டர் கிளரித்ரோமைசின் என்ற அன்டிபயோடிக் 500 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று என்று எழுதித் தந்தார். வெளியே வாசல் வரை சனம்; வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று அவர் கேட்கவும் இல்லை, அம்மா சொல்லவும் இல்லை. பார்மசியில் நின்ற பிள்ளைதான் சீட்டைப் பார்த்துவிட்டு, "அன்ரி, கொலஸ்ட்ரோலுக்கு ஏதும் குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அம்மா கிளினிக் மருந்துப் பையைத் திறந்து காட்ட, உள்ளே சிம்வாஸ்டடின் என்ற கொலஸ்ட்ரோல் குளிசை. அவள் அங்கேயே டொக்டருக்குப் போன் எடுத்தாள், அவர் அசித்ரோமைசின் என்ற வேறு அன்டிபயோடிக்குக்கு மாற்றச் சொன்னார்.

பிறகுதான் மருந்துக் குறிப்பைத் தேடி வாசித்தேன். ஈரலில் சிஒய்பி3ஏ4 என்று ஒரு நொதியம், சிம்வாஸ்டடினை உடைத்து உடம்பிலிருந்து போக்குவது அதுதான், கிளரித்ரோமைசின் அதை மறித்துவிடுகிறது. அப்படியானால் சிம்வாஸ்டடின் இரத்தத்தில் ஏறி, தசை சிதைந்து, சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். கவனமாகக் கொடுங்கள் என்றுகூட இல்லை, சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்று போட்டிருக்கிறது. கொலஸ்ட்ரோலுக்கு எடுப்பது அடோவாஸ்டடின் என்றால், கிளரித்ரோமைசினோடு நாளுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது அமெரிக்கக் குறிப்பு. அசித்ரோமைசினும் கிளரித்ரோமைசின் சேர்ந்த மக்ரோலைட் என்ற அன்டிபயோடிக் குடும்பம்தான், ஆனால் அந்த நொதியத்தோடு பெரிதாக மல்லுக்கட்டாது. அதற்காக அதைச் சாது என்று நினைக்க வேண்டாம், இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குழப்பலாம் என்று 2013இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. ஈசிஜியில் கியூடி (ஒரு துடிப்பில் இதயத்தின் மின்னோட்டம் எழுந்து அடங்கும் நேரம்) நீண்டிருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தாலோ பொட்டாசியம் குறைவென்றாலோ டொக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எனக்கு எரிச்சல் இதில்தான்: இங்கே குளிசை அட்டையை வெட்டிக் கடதாசி உறையில் போட்டு, காலை 1 இரவு 1 என்று கிறுக்கித் தருவார்கள். பெட்டிக்குள் இருந்த தாள் நம் கைக்கு வருவதே இல்லை.

தெஹிவளை:
தாள் கிடைத்தாலும் யார் வாசிக்கிறார்கள்? மகனுக்குத் தந்த கிளரித்ரோமைசின் பாணியை, கொழும்பு வெக்கைக்குக் கெட்டுவிடும் என்று மாமியார் பிரிட்ஜில் வைத்துவிட்டார். அதுவோ தூளைத் தண்ணீரில் கரைத்த பிறகு பிரிட்ஜில் வைக்கக்கூடாத மருந்து, வெளியே வைத்து 14 நாளுக்குள் முடிக்க வேண்டும். ஏற்கெனவே கசப்பு, அவன் அப்படியே என் சட்டையில் துப்பினான்.

கொட்டாஞ்சேனை:
எனக்கு அசித்ரோமைசின் 500, நாளுக்கு ஒன்று, 3 நாள்தான். இவ்வளவு போதுமா என்று கேட்டேன். அதன் அரை ஆயுள், அதாவது உடம்பில் உள்ள மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், ஏறக்குறைய 68 மணித்தியாலம், குளிசை முடிந்த பிறகும் திசுக்களில் நின்று வேலை செய்யும் என்றார் டொக்டர். வயிற்றெரிச்சலுக்கு அலுமினியம், மக்னீசியம் கலந்த மருந்து குடிக்கிறவர்கள் அதையும் அசித்ரோமைசினையும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டாம், இரத்தத்தில் அசித்ரோமைசின் ஏறும் உச்ச அளவு குறையும்.

வெள்ளவத்தை அக்கா, கௌட் என்ற மூட்டு வருத்தத்துக்குக் கொல்சிசின் என்ற மருந்து குடிக்கிறவர்களையும் உங்கள் எச்சரிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதோடு கிளரித்ரோமைசின் எடுத்து, முக்கியமாகச் சிறுநீரகம் பழுதான வயதானவர்கள், இறந்தே போயிருக்கிறார்கள்.