காற்று நின்றதும் கதவைத் திறக்காதே: எங்கள் பக்கத்துப் புயல் அனுபவங்கள்

வேதாரண்யம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. எங்கள் அப்பாயிக்குப் பிறந்த தேதி தெரியாது. யாராவது வயது கேட்டால், "52 புயலப்போ எனக்கு எட்டு வயசு" என்பார். அப்பா 1977 புயலின்போது எட்டாவது படித்தார். கஜா புயலுக்கு முந்தின மாதம் பிறந்தவள் என் மகள். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

2018 நவம்பர் 15 சாயங்காலம், கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடக்கும் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அப்பாயி முதலில் செய்த வேலை, கட்டுத்தறியில் இருந்த பசுவையும் கன்றையும் அவிழ்த்து விட்டதுதான். "கட்டிப் போட்ட மாடு கட்டின எடத்துலயே சாவும். அவுத்து வுட்டா அது பாத்துக்கும்" என்றார். அப்புறம் ஒரு குடம் குடிதண்ணீர், குழந்தையின் துணிகள், தீப்பெட்டி எல்லாவற்றையும் நடு அறைக்குக் கொண்டுவரச் சொன்னார். அந்த ஒரு அறைதான் கான்கிரீட். மற்றதெல்லாம் ஓடு.

நள்ளிரவுக்கு மேல் வடக்கேயிருந்து அடிக்க ஆரம்பித்தது. சத்தத்தை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவர் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறந்தது போய், ஒரு கட்டத்தில் வரிசையாகப் பிடுங்கிக்கொண்டு போயின. குழந்தையை மடியில் வைத்து மூன்று பேர் குனிந்து உட்கார்ந்திருந்தோம்.

திடீரென்று காற்று நின்றது. தவளை கத்துவது கூடக் கேட்டது. அப்பா எழுந்து, "விட்டுடுச்சு, மாட்டைப் பாத்துட்டு வந்துடுறேன்" என்று தாழ்ப்பாளில் கை வைத்தார். அப்பாயி இருட்டிலேயே தவழ்ந்து போய் அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் பாதிதான்டா வந்துருக்கு. மீதி தெக்கேருந்து வரும். எஞ் சித்தப்பா இப்படித்தான் வள்ளத்தைப் பாக்கப் போனாரு."

52இல் அவருடைய சித்தப்பா திரும்பி வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் காற்று நின்ற நேரத்தில்தான் வெளியே போனார் என்பதை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டோம்.

புயலின் கண், அதாவது காற்று அடங்கிக் கிடக்கும் அதன் நடுப்பகுதி, எங்கள் தலைக்கு மேல் இருந்தது. கண் தாண்டியதும் காற்று எதிர்த்திசையில் வந்தது. முதலில் வந்ததைவிட மோசம், ஏனென்றால் எல்லா மரமும் ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தது. மாட்டுக்கொட்டகைக்குப் போகிற வழியில் நின்ற வேப்பமரம் வேரோடு சாய்ந்தது அப்போதுதான்.

விடிந்ததும் வாசலில் நின்று பார்த்தேன். கோயில் கோபுரம் தெரிந்தது. அதுவரை எங்கள் வாசலில் இருந்து அது தெரிந்ததே இல்லை, நடுவில் அவ்வளவு மா, தென்னை, பலா. பசுவும் கன்றும் மாரியம்மன் கோயில் மேடையில் நின்றன. முறியாமல் தப்பின மரங்களிலும் இலையெல்லாம் இரண்டு நாளில் நெருப்பு பட்டதுபோல் கருகிவிட்டது. உப்புக்காற்று.

உங்கள் ஊரில் கண் தாண்டியதா? பெரியவர்கள் என்ன சொல்லி வைத்தார்கள்? எழுதுங்கள்.

---

பேராவூரணிப் பக்கம் தென்னை விவசாயி நான். எங்கள் தோப்பில் பாதி மரம் தெற்கே தலை வைத்துக் கிடந்தது, பாதி வடக்கே. ஒன்றின் மேல் ஒன்று. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் அந்தக் காட்சிக்கு அர்த்தமே புரிந்தது.

நாங்கள் தென்னங்கன்றைப் பிள்ளை என்றுதான் சொல்வோம். என் அப்பா வைத்த பிள்ளைகள், 35 வருட மரங்கள். மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் என்று அரசு நிவாரணம் கொடுத்தது. அது மரம் அறுக்கும் மெஷினுக்கும் ஆள் கூலிக்குமே பற்றவில்லை. அகற்றாமல் விடவும் முடியாது. அழுகும் மரத்தில் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும், அது தப்பிப் பிழைத்த மரங்களின் குருத்தைக் குடையும். அதனால் கடன் வாங்கியாவது அப்புறப்படுத்தினோம். புதுப் பிள்ளைகள் காய்க்கும்வரை நடுவில் உளுந்தும் கடலையும் போட்டுத்தான் வீட்டை ஓட்டினேன். மரங்களை அகற்றிய மூன்று மாதமும் அப்பா தோப்புப் பக்கமே வரவில்லை.

---

நாலுவேதபதி. எங்கள் ஊர்க் கதை கொஞ்சம் வேறு. 2002 டிசம்பரில் ஊரே கூடி ஒரே நாளில் 80,244 கன்றுகள் நட்டோம். கின்னஸில் பதிவானது. சின்னப் பிள்ளைகள் கூடத் தண்ணீர் சுமந்தோம், எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. சரியாக இரண்டு வருடம் கழித்து 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை சுனாமி. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். எங்களுக்கும் தண்ணீர் வந்தது, ஆனால் மரங்களுக்குள் புகுந்து வேகம் அடங்கி வந்தது. அன்றைக்குக் கரையோரம் மீன் வாங்கப் போன என் அம்மா ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துத்தான் நின்றாள்.

கஜா அன்று, அந்த மரங்கள் நின்ற பக்கம் முறிந்து கிடந்த சவுக்கைப் பார்த்து அம்மா அழுதாள். வீட்டுக் கூரை போனதற்கு அவள் அழவில்லை.

---

அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் வேலை. கஜாவில் கடல் உள்ளே வந்து, போகும்போது சேற்றை விட்டுவிட்டுப் போனது. மழைக்காலத்துக்காகக் கீற்று போட்டு மூடி வைத்திருந்த உப்பு அம்பாரங்கள் கரைந்துவிட்டன. பாத்தியில் முழங்கால் அளவு சேறு, மண்வெட்டியால் வெட்டினால் பிசின்போல் ஒட்டும். அந்தச் சேற்றை வழித்து, மறுபடி மிதித்துத் தளம் கட்டி உப்பு எடுப்பதற்குள் எங்களில் பலர் வேறு வேலைக்குத் திருப்பூர் போய்விட்டார்கள்.

---

வேளாங்கண்ணிக்குப் பக்கத்து ஊர்க்காரன். 77 புயலைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன். நவம்பர் 12, விடிவதற்கு முன்னால். எனக்கு ஏழு வயது. கூரை வீடு. அப்போது எச்சரிக்கை எதுவும் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை.

கூரை போனதும் என்னையும் தங்கையையும் அம்மா நெல் குதிருக்குள் இறக்கிவிட்டாள். தை அறுவடைக்கு முன்னால் என்பதால் குதிர் ஏறக்குறைய காலி. அடியில் கிடந்த கொஞ்ச நெல் காலில் குத்தியது. மேலே முறத்தைப் போட்டு மூடி, அதன் மேல் படுத்துக்கொண்டாள். குதிரின் வாய் வழியாக மழை அவளை நனைத்து எங்கள் மேல் சொட்டியது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: முதலில் வடக்கு. நடுவில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தங்கை, "அம்மா, இறக்கி விடு" என்றாள். அம்மா முறத்தை எடுக்கவே இல்லை. அப்புறம் தெற்கேயிருந்து வந்தது.