பிட்டர் 1.020-லேயே நிற்கிறது, வின்ட்ஸர் உலர் ஈஸ்ட்: பாட்டிலில் அடைக்கலாமா?

தேம்ஸ்கரை:
வணக்கம். லண்டனில் வீட்டில் 23 லிட்டர் பிட்டர் (கசப்பான ஆங்கிலேய ஏல் பீர்) போட்டிருக்கிறேன். மாரிஸ் ஆட்டர் மால்ட், கொஞ்சம் கிரிஸ்டல் மால்ட், கோல்டிங்ஸ் ஹாப்ஸ். மாஷ் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரை எடுப்பது) 67 டிகிரியில் ஒரு மணி நேரம். தொடக்க அடர்த்தி 1.046 (தண்ணீர் 1.000; ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இறங்கும்). வின்ட்ஸர் 11 கிராம் பாக்கெட் ஒன்றைத் தூவினேன். மறுநாள் காலையிலேயே ஏர்லாக் (வாயு வெளியேறும் அடைப்பு) விடாமல் கொப்பளித்தது, மூடி வரை நுரை. இரண்டு மூன்று நாளில் எல்லாம் அடங்கிவிட்டது. அதிலிருந்து 1.020-ஐ விட்டு அசையவில்லை. அறை 19 டிகிரி. 1.012 வரையாவது இறங்கும் என்று எதிர்பார்த்தேன். இப்படியே பாட்டிலில் அடைத்தால் ஆபத்தா?

பார்லிக்கதிர்:
ஃபெர்மென்டரை (பீர் நொதிக்கும் பாத்திரம்) திறக்காமல் மெதுவாகச் சுழற்றி விடுங்கள், 21 டிகிரிக்குக் கொண்டு போங்கள். எஸ்-04 ஈஸ்ட் எனக்கு இப்படித்தான் அடியில் கெட்டியாகப் படிந்துவிடும். வண்டலைக் கிளப்பிவிட்டால் மறுபடி வேலை செய்யும்.

கோல்டிங்ஸ்கொடி:
முதலில் ஒன்று சொல்லுங்கள். அடர்த்தியை அளந்தது ஹைட்ரோமீட்டரா (மிதக்கவிட்டு அளப்பது), ரிஃப்ராக்டோமீட்டரா (ஒளி விலகலை வைத்து அளப்பது)? ரிஃப்ராக்டோமீட்டர் என்றால் ஆல்கஹால் சேர்ந்த பிறகு அளவை உயர்த்தித்தான் காட்டும், திருத்திக் கணக்கிட வேண்டும்.

தேம்ஸ்கரை:
ஹைட்ரோமீட்டர்தான். 20 டிகிரியில், வாயு போகும்படி இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றிவிட்டுத்தான் அளந்தேன். பார்லிக்கதிர் சொன்னபடி சுழற்றி, சூடும் ஏற்றிப் பார்த்தேன். அதே 1.020. பீர் இன்னும் கலங்கலாகத்தான் இருக்கிறது, ஈஸ்ட் படிந்த மாதிரியே தெரியவில்லை.

கோல்டிங்ஸ்கொடி:
கலங்கலாக இருப்பதிலேயே விடை இருக்கிறது. ஈஸ்ட் தூங்கவில்லை, அதற்குத் தின்ன ஒன்றும் மிச்சமில்லை. வொர்ட்டில் (மாஷிலிருந்து வடித்த இனிப்பு நீர்) இருக்கும் சர்க்கரையில் பெரும்பங்கு மால்டோஸ். அதற்கு அடுத்து மால்டோட்ரையோஸ், மூன்று குளுக்கோஸ் சேர்ந்த சர்க்கரை. பெரும்பாலான ஏல் ஈஸ்ட்கள் இரண்டையும் தின்னும். வின்ட்ஸர் மால்டோட்ரையோஸைத் தொடாது. லண்டன் என்ற பெயரில் வரும் உலர் ஈஸ்டும் அப்படித்தான். அதனால்தான் வேகமாக ஓடிச் சட்டென்று நிற்கிறது. நின்றுபோன நொதித்தல் வேறு, இது வேறு. உங்கள் கணக்கில் 46 புள்ளியில் (1.046-இல் புள்ளிக்குப் பின் வருவது) 26 இறங்கியிருக்கிறது, சுமார் 57 சதவீதம். 67 டிகிரி மாஷுக்கு வின்ட்ஸர் இதைத்தான் தரும். எவ்வளவு சூடேற்றினாலும், எத்தனை தடவை சுழற்றினாலும் பலன் இல்லை.

பாட்டில் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். வின்ட்ஸர் தின்னாத சர்க்கரையை வேறு ஈஸ்ட் தின்னும். கழுவின பாட்டிலில் முந்தின பீரின் ஈஸ்ட் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் போதும். பாட்டிலுக்குள் 4 புள்ளி இறங்கினாலே பிட்டருக்கு வழக்கமாக வைக்கும் வாயு இரண்டு மடங்காகிவிடும். 8 புள்ளி இறங்கினால் கண்ணாடி வெடிக்கும். பக்கத்தில் நிற்பவர் கண் போகும் விஷயம் இது.

மாஷ்டன்:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். தொடக்கம் 1.035 இருக்கும் மைல்டுக்கு (கசப்பு குறைந்த ஏல்) வின்ட்ஸரை விட நல்ல உலர் ஈஸ்ட் கிடையாது. மெலிந்த பீருக்கு அந்த மிச்ச இனிப்புதான் உடம்பு கொடுக்கிறது. பாட்டில்கள் சுத்தமாக இருந்தால் அப்படியே அடைப்பவர்கள் நிறைய உண்டு. ஆனால் 1.046 பிட்டருக்கு 1.020 எனக்கும் தித்திப்புதான், அந்தக் கசப்பு அடங்கிப் போகும்.

தேம்ஸ்கரை:
ருசி பார்த்தேன், தித்திப்புதான். ஆனால் பழ வாசனை அருமை, அதை இழக்க மனமில்லை. நாட்டிங்ஹாம் என்ற இன்னொரு உலர் ஈஸ்டைச் சேர்த்து மிச்சச் சர்க்கரையை இறக்கினால் அது போய்விடுமா?

கோல்டிங்ஸ்கொடி:
போகாது. அந்த வாசனை ஈஸ்ட் பெருகும் முதல் நாட்களிலேயே உண்டாகிவிடுகிறது. நாட்டிங்ஹாம் தன் பங்குக்குப் பெரிதாக எதையும் சேர்க்காது, மிச்சத்தைத் தின்றுவிட்டு அடியில் படியும். பீரும் தெளியும்.

முழுப் பீரிலும் கை வைக்கும் முன் சின்னச் சோதனை ஒன்று செய்யுங்கள். சுத்தமான ஜாடியில் 200 மில்லி எடுத்து, அரைத் தேக்கரண்டி நாட்டிங்ஹாம் போட்டு, தளர்வாக மூடிச் சமையலறையில் கதகதப்பான இடத்தில் வையுங்கள். இரண்டு நாளில் அளந்து பாருங்கள். எங்கே வந்து நிற்கிறதோ, பெரிய பாத்திரமும் அங்கேதான் வந்து நிற்கும். இறங்கவே இல்லை என்றால் மாஷிலேயே நொதிக்காத சர்க்கரை அதிகம் என்று அர்த்தம், அப்போது ஈஸ்ட் சேர்ப்பது வீண்.

இறங்கினால் புதுப் பாக்கெட்டைத் தூவாதீர்கள். ஆல்கஹாலும் இருக்கிறது, எளிய சர்க்கரையும் தீர்ந்துவிட்டது, காய்ந்த ஈஸ்டுக்கு அது கடினமான இடம். 30 டிகிரி வெந்நீர் 110 மில்லியில் 11 கிராமையும் தூவிக் கால் மணி நேரம் கிளறாமல் விடுங்கள். அப்புறம் கலக்கி, ஃபெர்மென்டரில் இருக்கும் பீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துச் சூட்டைச் சமப்படுத்திய பிறகு ஊற்றுங்கள். ஊற்றும்போது அலம்பக் கூடாது, இந்த நிலையில் காற்று பட்டால் காகித அட்டை வாசனை வரும்.

பார்லிக்கதிர்:
இது தெரியாது எனக்கு. எஸ்-04 பழக்கத்தில் சொன்னேன், அதற்குச் சுழற்றல் சரி, வின்ட்ஸருக்கு இல்லை. அடுத்த முறை வின்ட்ஸரே போட்டால் மாஷ் எவ்வளவு?

கோல்டிங்ஸ்கொடி:
64, 65. கொஞ்சம் நேரமும் கூட்டுங்கள். இல்லையென்றால் முதலில் வின்ட்ஸர், நுரை அடங்கத் தொடங்கும்போது நாட்டிங்ஹாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

தேம்ஸ்கரை:
ஜாடி 1.011-க்கு வந்தது. அதைப் பார்த்துப் பெரிய பாத்திரத்திலும் சேர்த்தேன். நுரை எழும்பவில்லை, மேலே மெல்லிய வளையம் மட்டும். இப்போது 1.012, மூன்று நாளாக அதே அளவு. ஆல்கஹால் சுமார் 4.5 சதவீதம் வருகிறது. பழ வாசனை அப்படியே இருக்கிறது, கசப்பு இப்போதுதான் முன்னால் வந்திருக்கிறது. பாட்டிலில் வாயு சேர 23 லிட்டருக்கு 80 கிராம் சர்க்கரை போட்டு அடைக்கப் போகிறேன். எல்லோருக்கும் நன்றி.