6.5×55 கேஸ் ஷெல் ஹோல்டரில் இறுகுகிறது: ஹோல்டரை அரம் போடலாமா?

தோபாயோ_தம்பி:
வணக்கம். வேலை நியூசிலாந்தில், லைசென்ஸ், துப்பாக்கி, சுட்ட தோட்டாவின் பித்தளை உறையை (கேஸ்) மறுபடி நிரப்பும் பிரெஸ் எல்லாம் அங்கேதான். தோட்டா 6.5×55 ஸ்வீடிஷ். கையில் இரண்டு வகைப் பித்தளை: ஒன்று அமெரிக்கத் தயாரிப்பு, மற்றது ஐரோப்பியத் தயாரிப்பு. .308 தோட்டாவுக்கு வாங்கிய ஷெல் ஹோல்டரையே (பிரெஸ்ஸில் கேஸின் அடியைப் பிடிக்கும் துண்டு) இதற்கும் போடுகிறேன். அமெரிக்கக் கேஸ் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. ஐரோப்பியக் கேஸ் பாதியில் நிற்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் சில போகும், சில போகவே போகாது, போனதை வெளியே எடுப்பதும் பாடுதான். கேலிப்பரில் ரிம் (கேஸ் அடியின் விளிம்பு) விட்டம் முதல் வகை 12.00 மி.மீ., இரண்டாவது 12.15.

ஹோல்டரின் வாயை அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்தலாமா? அல்லது கேஸ் ரிம்மை லேத்தில் பிடித்துக் குறைக்கலாமா? டிசம்பரில் சிங்கப்பூர் வருகிறேன். மச்சானுக்கு சுங்கை காடுட்டில் பட்டறை இருக்கிறது. ஹோல்டரையும் நாலு காலிக் கேஸையும் கொண்டுவந்தால் அரை மணி நேர வேலை என்கிறார்.

அடிமட்டம்:
ரிம்மைத் தொடாதீர்கள். அந்தக் கேஸில் குறையே இல்லை. 6.5×55-க்கு ஐரோப்பாவில் தோட்டா அளவை வகுக்கும் சிஐபி அமைப்பின் அளவுப்படி ரிம் 12.20 மி.மீ., ஆகவே 12.15 சரியான அளவு. .308-க்கு ரிம் 12.01. அமெரிக்க 6.5×55 பித்தளை பலவும் .308, .30-06 குடும்பத்து அடிப்பகுதியை ஒட்டியே செய்யப்படுவதால்தான் உங்கள் .308 ஹோல்டரில் அது சுகமாக உட்காருகிறது. ரிம் கனத்தையும் பாருங்கள்: .308-க்கு 1.37, ஸ்வீடிஷுக்கு 1.50. விட்டம், கனம் இரண்டிலுமே உங்கள் ஹோல்டர் சிறிசு. ரிம்மைக் கடைந்தால் துப்பாக்கியில் சுட்ட கேஸை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் பிடிக்கும் இடம் குறையும். ஹோல்டருக்காகக் கேஸை வெட்டுவது தலைகீழ் வேலை.

புதிதாக வாங்குவதற்கு முன் எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். ஹோல்டரின் உள்ளே இரண்டு மட்டம் உண்டு. கீழே ரிம் உட்காரும் அகலமான பள்ளம், மேலே கேஸின் காடி (ரிம்முக்கு மேலே சுற்றிவரும் பள்ளம்) நுழையும் குறுகிய உதடு. கேஸின் அடிமுகம், ரிம் ஓரம், ரிம்மின் மேல்முகம், காடி நான்கிலும் கறுப்பு மார்க்கர் தடவி, காய்ந்ததும் ஒரே ஒரு முறை தள்ளி வெளியே எடுங்கள். ரிம் ஓரத்தில் மை உரிந்தால் பள்ளத்தின் அகலம் போதவில்லை. மேல்முகத்தில் உரிந்தால் பள்ளத்தின் உயரம் போதவில்லை. காடிக்குள் உரிந்தால் உதடு நெருக்குகிறது. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

"சில போகும், சில போகாது" என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். சுட்ட கேஸில் பிரைமர் (அடியில் இருக்கும், மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) ஒரு மயிரிழை பின்தள்ளி நின்றால் அது பள்ளத்தின் தரையில் உரசும். அடிமுகத்தின்மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்தில் பாருங்கள். எக்ஸ்ட்ராக்டர் கடித்த இடத்தில் பிசிறு இருந்தாலும் இப்படித்தான் மாட்டும். பிசிறை 600 நம்பர் எமரித்தாளில் ஒரு தேய்ப்பு, அதோடு நிறுத்துங்கள்.

தோபாயோ_தம்பி:
நன்றி அண்ணே. மார்க்கர் தடவிப் பார்த்தேன். எல்லாக் கேஸிலும் ரிம் ஓரம் இரு பக்கமும் பளிச்சென்று உரிகிறது, மேல்முகத்தில் லேசாக. மூன்று கேஸில் மட்டும் பிரைமர் மேலேயும் கீறல். பள்ளத்தின் கடைசி மூலையில் கரி அப்பியிருந்தது, குச்சியால் சுரண்டி எடுத்தேன். கொஞ்சம் தேவலை, ஆனாலும் இறுக்கம் போகவில்லை. அப்படியானால் பள்ளத்தை மட்டும் அகலப்படுத்தினால் போதுமா?

பட்டறைக்காரன்:
போதும்தான், ஆனால் சாதா அரம் அதன்மேல் வழுக்கும். மேல்தோல் கடினப்படுத்திய இரும்பு. வைர அரமோ, உருண்டைக் கம்பியில் சுற்றிய எமரியோ வேண்டும். பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவரிலும் சமமாக எடுக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் கேஸ் நடுவில் நிற்காது, பழைய பிரைமரைத் தள்ளும் டீகேப்பிங் பின், கேஸ் அடியில் தீ போகும் துளையான பிளாஷ் ஹோலின் ஓரத்தில் இடித்து வளையும்.

கை வைக்கவே கூடாத இடங்கள் இரண்டு. ஒன்று, உதடு. கேஸை டையிலிருந்து (கேஸை அளவுக்கு அழுத்தும் அச்சு) கீழே இழுப்பது அதுதான். அதை அகலப்படுத்தினால் ரிம்மில் பிடிமானம் குறைந்து, லூப் (வழுக்கு எண்ணெய்) சரியில்லாத ஒரு கேஸ் டைக்குள் மாட்டிய அன்றைக்கு ரிம் கிழிந்து கையோடு வரும், கேஸ் உள்ளேயே நிற்கும்.

இரண்டாவது, ஹோல்டரின் மேல்தளம். கேஸ் உட்காரும் தரையிலிருந்து மேல்தளம் வரை 0.125 அங்குலம், அதாவது 3.175 மி.மீ. டை வந்து முட்டுவது அங்கேதான். "கொஞ்சம் சமப்படுத்தலாமே" என்று அங்கே 0.1 மி.மீ. தேய்த்தால், டை முட்டும் நிலையில் கேஸ் அந்த 0.1 கூடுதலாக உள்ளே போய், கழுத்துக்குக் கீழே சரியும் தோள்பட்டை அவ்வளவு பின்னால் தள்ளப்படும். ஹெட்ஸ்பேஸ் (துப்பாக்கிக்குள் கேஸுக்கும் போல்ட்டுக்கும் உள்ள இடைவெளி) கூடும், ஒவ்வொரு சுடுதலிலும் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பித்தளை இழுபட்டு மெலியும், பளபளவென்று ஒரு வளையம் தெரியும், கடைசியில் அந்த இடத்திலேயே கேஸ் இரண்டாகும். பள்ளத்தின் தரையைத் தோண்டினாலோ கதை நேர் எதிர்: டை முட்டிய பிறகும் தோள்பட்டை பின்னால் போகாது, போல்ட் மூடாது.

உங்களுக்கு மேல்முகத்திலும் லேசாக மை உரிகிறது என்றால் உயரமும் போதவில்லை. உயரத்தைக் கூட்ட ஒன்று உதட்டின் அடியை எடுக்கவேண்டும், இல்லை தரையை எடுக்கவேண்டும். இரண்டும் வேண்டாத வேலை. 6.5×55-க்கென்று விற்கும் ஹோல்டரை வாங்குங்கள். ஒரு டை செட் விலையோடு பார்த்தால் சில்லறைக் காசு.

அடிமட்டம்:
ஆமாம், வாங்குவதே சரி. வாங்கும்போது எண்ணை மட்டும் நம்பாதீர்கள், ஒவ்வொரு கம்பெனிக்கும் எண் வேறு. .308-க்கு ஆர்சிபிஎஸ் 3, லீ 2, ஹார்னடி 1, ரெட்டிங் 1. .223-க்கு அதே வரிசையில் 10, 4, 16, 10. "இரண்டாம் நம்பர்" என்று கடையில் கேட்டால் எந்தக் கம்பெனியின் இரண்டு என்று தெரியாமல் கொடுத்துவிடுவார்கள். அந்தந்தக் கம்பெனி அட்டவணையில் 6.5×55-க்கு எதிரே உள்ளதை எடுங்கள், வந்ததும் ஐரோப்பியக் கேஸைச் சொருகிப் பாருங்கள். அமெரிக்கக் கேஸ் அதில் சற்று ஆடும். 0.15 மி.மீ. ஆட்டத்தால் கெடுதல் இல்லை.

புது ஹோல்டர் போட்டதும் டையை மறுபடி செட் பண்ணவேண்டும். 3.175 என்பது கணக்கு, கம்பெனிக்குக் கம்பெனி சிறு வித்தியாசம் வரும். போல்ட் ஆக்‌ஷன் என்றால் தோள்பட்டையை 0.025 முதல் 0.05 மி.மீ. பின்தள்ளினால் போதும், கம்பாரேட்டர் (தோள்பட்டை வரை அளக்கும் கருவி) வைத்து அளந்து நிறுத்துங்கள். ரெட்டிங்கில் இதற்கென்றே ஐந்து ஹோல்டர் கொண்ட செட் உண்டு, 0.125-க்கு மேல் 0.002 முதல் 0.010 அங்குலம் வரை ஏறுவரிசையில். டையைத் தொடாமல் ஹோல்டரை மாற்றியே சரிக்கட்டலாம்.

இன்னொன்று. இரண்டு பித்தளையையும் ஒரே பெட்டியில் கலக்காதீர்கள். உள்கொள்ளளவு வேறு, ஒன்றுக்குத் தேர்ந்தெடுத்த வெடிமருந்து அளவை மற்றதற்கு அப்படியே போடக்கூடாது. கேஸ் வகை மாறினால் கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மறுபடி ஏறிவரவேண்டும்.

ரேஞ்ச்_கிளியர்:
யாரும் தொடாத விஷயத்தை நான் சொல்கிறேன். நாலு காலிக் கேஸைப் பெட்டியில் போட்டுக்கொண்டு சாங்கியில் இறங்கும் யோசனையை இப்போதே விடுங்கள். தேசிய சேவை செய்தவருக்கு இதை விளக்கவா வேண்டும்? ரேஞ்ச் முடிந்து கிளம்புமுன் தோட்டா மட்டுமா, காலிக் கேஸ்கூட இல்லை என்று சொல்லிவிட்டுத்தானே நகர்ந்தோம். இங்கே ஆயுதக் குற்றச் சட்டம் 1973-லிருந்து இருக்கிறது, 2021-ல் துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுக்கென்று தனிச் சட்டமும் நிறைவேறியது. உங்கள் நியூசிலாந்து லைசென்ஸ் இங்கே செல்லாது. பெட்டியில் உள்ளது "வெறும் பித்தளை" என்று ஸ்கேனர் முன்னால் நின்று விளக்கிக்கொண்டிருக்கும் நிலைமை எதற்கு?

மச்சானுக்கு வேண்டியது கேஸ் இல்லை, அளவு. ரிம் விட்டம், ரிம் கனம், காடியின் விட்டம், மூன்றையும் பத்துப் பத்துக் கேஸில் எடுத்து அனுப்பினால் சுங்கை காடுட்டில் உட்கார்ந்தே சொல்லிவிடுவார். ஹோல்டரையும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

தோபாயோ_தம்பி:
சரி, கேஸ் எதுவும் பெட்டியில் ஏறாது. ஹோல்டர் ஆர்டர் போட்டுவிட்டேன். கையில் பிடித்துப் பிரைமர் போடும் கருவிக்கும் இதே ஹோல்டர் பொருந்துமா?

பட்டறைக்காரன்:
கருவியைப் பொறுத்தது. ஆர்சிபிஎஸ் கைக்கருவி சாதாரண பிரெஸ் ஹோல்டரையே ஏற்கும். லீயின் பழைய ஆட்டோ பிரைமுக்குத் தனி ஹோல்டர், பிரெஸ்ஸில் போடுவது அதில் உட்காராது. பழைய .308 ஹோல்டரில் இறுக்கித் தள்ளிப் பிரைமர் போட்ட கேஸ் ஏதாவது இருந்தால், பிரைமர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள். பிரைமர் அடிமுகத்தைவிட சற்றே தாழ்ந்து, எல்லாப் பக்கமும் சமமாக இருக்கவேண்டும். மேடாக நின்றால் அதைத் தனியே எடுத்து வையுங்கள்.