மலை வேட்டைக்கு டைட்டானியம் ரிசீவர்: கொடுக்கிற காசுக்கு எடை குறையுமா?

மலையேறி:
கொலராடோவில் இருக்கிறேன். இந்த அக்டோபரில் எல்க் மான் வேட்டைக்குப் போகும் எண்ணம், டேக் (வேட்டை அனுமதிச் சீட்டு) கிடைத்தால். கையில் இருப்பது .308 வின்செஸ்டர் தோட்டா போடும் துப்பாக்கி, போல்ட் ஆக்‌ஷன். ஸ்டீல் ரிசீவர் (தோட்டாவைப் பூட்டும் போல்ட் ஓடுகிற நடு உடல்), 24 அங்குல பேரல், லேமினேட் மர ஸ்டாக் (தோளில் வைக்கும் கட்டை), மேலே ஒரு பெரிய ஸ்கோப், எல்லாம் சேர்த்து 4.2 கிலோ. சமவெளியில் இது ஒன்றுமே இல்லை. 3,000 மீட்டருக்கு மேலே, மூச்சு வாங்கும் உயரத்தில், விடியும் முன்பே ஏறத் தொடங்கினால் தோள் கழன்றுவிடும் போல இருக்கிறது. துப்பாக்கிக் கடைக்காரர் டைட்டானியம் ரிசீவர் போடு, டைட்டானியம் ஸ்கோப் ரிங், பேரல் முனையில் மாட்டி உதையைக் குறைக்கும் டைட்டானியம் மஸில் பிரேக் போடு என்று அடுக்கிக்கொண்டே போகிறார். வேலைக்கூலியும் சேர்த்தால் நான் துப்பாக்கி வாங்கிய விலையையே தாண்டுகிறது. இது உண்மையிலேயே பயன் தருமா, இல்லை பளபளப்புக்கு விலையா? இன்னொன்று, ஸ்டீல் தாங்குகிற அழுத்தத்தை இந்த லேசான உலோகங்கள் தாங்குமா?

திருகாணி:
விமானப் பாகங்கள் கடையும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், டைட்டானியத்தோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் என்பதால் சொல்கிறேன். தாங்குமா என்ற பயம் வேண்டாம். துப்பாக்கிக்காரர்கள் பயன்படுத்துவது 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த டைட்டானியம், வலிமையில் நல்ல ஸ்டீலுக்குக் கிட்டத்தட்ட சமம், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.43 கிராம், ஸ்டீலுக்கு 7.85. அதாவது அரைக்கிலோ ஸ்டீல் ரிசீவரை அதே அளவில் டைட்டானியத்தில் செய்தால் 280 கிராம். மிச்சம் 220 கிராம். அவ்வளவுதான். ஒரு டம்ளர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விலை ஏன் அப்படி என்றால், உலோகத்தின் விலை பாதிதான், மீதி அதைக் கடைவதில் இருக்கிறது. டைட்டானியம் சூட்டைச் சரியாகக் கடத்தாது, வெட்டும்போது கிளம்பும் சூடெல்லாம் கருவியின் முனையிலேயே நிற்கும், மெதுவாகத்தான் வெட்ட முடியும், கருவி சீக்கிரம் மழுங்கும். அப்புறம் டைட்டானியத்தின் மேல் டைட்டானியம் உரசினால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், அதனால் உள்ளே ஓடும் போல்ட்டைப் பெரும்பாலும் ஸ்டீலிலேயே விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் மேலே கடினமான பூச்சு வேண்டும்.

கடையில் யாரும் சொல்லாத ஒரு விஷயம் விறைப்பு. வலிமை வேறு, விறைப்பு வேறு: உடையாமல் தாங்குவது வலிமை, வளையாமல் நிற்பது விறைப்பு. ஸ்டீலின் விறைப்பு சுமார் 200 கிகாபாஸ்கல், டைட்டானியம் 114, அலுமினியம் 70, மெக்னீசியம் 45. ஒவ்வொன்றையும் அதனதன் அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள், நாலும் 25-க்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். எடைக்கு எடை பார்த்தால் இந்த நாலில் எந்த உலோகமும் இன்னொன்றைவிட விறைப்பானது இல்லை! விமானத்தில் இதைச் சமாளிக்க லேசான உலோகத்தைத் தடிமனாக்கிக்கொள்கிறோம். ரிசீவரில் அதற்கு இடமில்லை, ஸ்டாக்கின் பள்ளமும் ஸ்கோப் மவுண்டும் அளவை முன்பே கட்டிப்போட்டுவிட்டன. அதே அளவில் டைட்டானியம் போட்டால் விறைப்பு ஏறக்குறைய பாதியாகும். வேட்டைக்கு அது பெரிதாகத் தெரியாது, ஆனால் "லேசு, அதே சமயம் விறைப்பும் அதிகம்" என்று யாராவது விற்க வந்தால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

மொன்டானாவாசி:
திருகாணி அண்ணன் சொன்ன 220 கிராமை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் துப்பாக்கியைப் பாருங்கள் தம்பி. எடை ரிசீவரிலா இருக்கிறது? பேரல் மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல். லேமினேட் ஸ்டாக் இன்னொரு கிலோ, கொஞ்சம் கூடவே இருக்கும். பெரிய ஸ்கோப் 650 கிராமாவது வரும். 24 அங்குல பேரலை 20-க்கு வெட்டி முனையைச் சரிசெய்யச் சொன்னால் 120, 130 கிராம் போய்விடும், துப்பாக்கி மெக்கானிக்குக் கொடுக்கும் கூலி டைட்டானியம் ரிசீவர் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. தோட்டாவின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 100 அடி குறையும், 250 கெஜத்துக்குள் சுடுகிறவருக்கு அது கவலைப்படுகிற விஷயமே இல்லை. ஸ்கோப்பை 3-9x40 (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், 40 மி.மீ. லென்ஸ்) மாதிரி எளிமையான ஒன்றாக மாற்றினால் 300 கிராம் குறையும். கார்பன் ஃபைபர் ஸ்டாக் விலைதான், ஆனால் அரைக்கிலோ குறைக்கும். மூன்றும் சேர்ந்து 900 கிராம். இதற்கெல்லாம் பிறகும் கையில் காசு அரித்தால் டைட்டானியம் பக்கம் போங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எடை குறைந்தால் உதை கூடும், தோட்டா மாறாதவரை இதில் பேரம் கிடையாது. உங்கள் .308 இப்போது 4.2 கிலோவில் சுமார் 18 ஜூல் உதைக்கிறது என்றால் 3.2 கிலோவில் 24 ஜூலுக்கு வரும், மூன்றில் ஒரு பங்கு அதிகம். மேஜையில் வைத்து சுட்டுப் பழகும்போது பத்தாவது குண்டிலேயே தோள் சொல்லும், இருபதாவதில் உங்களை அறியாமலே கண் சிமிட்டத் தொடங்குவீர்கள், அதோடு குறி போயிற்று. மஸில் பிரேக் உதையைக் குறைக்கும்தான், பதிலுக்குச் சத்தத்தைப் பக்கவாட்டில் உங்கள் காதுக்கும் கூட வருகிறவர் காதுக்கும் திருப்பிவிடும். காட்டில் மான் எதிரே நிற்கும்போது காதடைப்பான் தேடி எடுத்துப் போடுகிறவர் எத்தனை பேர்?

மலையேறி:
நன்றி, இரண்டு பேருக்கும். ஸ்கோப்பை நான் யோசிக்கவே இல்லை. கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் ஏஆர்-15 ரைஃபிளுக்கு அலுமினியம்-லித்தியம் ரிசீவர் வாங்கியிருக்கிறார், ராக்கெட்டுக்குப் போடுகிற உலோகக் கலவை என்கிறார். அதுவும் இதே கதைதானா?

திருகாணி:
அதைவிட மோசம். ராக்கெட் என்பது உண்மை, ஸ்பேஸ் ஷட்டிலின் வெளித் தொட்டியை 1990-களின் கடைசியில் அந்த வகைக்கு மாற்றித்தான் டன் கணக்கில் எடை குறைத்தார்கள். ஆனால் அது 47 மீட்டர் நீளத் தொட்டி. ஒரு சதவீதம் லித்தியம் சேர்த்தால் அடர்த்தி 3 சதவீதம் குறையும், நடைமுறையில் கிடைப்பது 5 சதவீதம் போல. ஏஆர்-15-இன் வெறும் லோயர் ரிசீவர் (ரிசீவரின் கீழ்ப் பாதி) வழக்கமான 7075 என்ற அலுமினியக் கலவையில் சுமார் 230 கிராம். அதில் 5 சதவீதம் எவ்வளவு? 11, 12 கிராம். ஒரே ஒரு 5.56 தோட்டாவின் எடை. மேகசினில் ஒன்று குறைத்துப் போட்டால் அதே லாபம் இலவசமாகக் கிடைக்கும். மெக்னீசியம் என்றால் 80 கிராம் வரை நிஜமாகவே குறையும், ஆனால் வியர்வையும் ஸ்டீல் திருகும் பட்ட இடத்தில் பூச்சு உரிந்தால் அரிக்க ஆரம்பித்துவிடும்.

இங்கே 7075 போதும் என்பதற்குக் காரணம், அந்தத் துப்பாக்கியில் வெடிப்பின் அழுத்தம் ரிசீவருக்கு வருவதே இல்லை. போல்ட் நேராகப் பேரலோடு பிணைந்த ஸ்டீல் துண்டில் போய்ப் பூட்டிக்கொள்கிறது, ரிசீவர் வெறும் உறை. ஜெர்மனியின் ப்ளேசர் ஆர்8 வேட்டைத் துப்பாக்கியிலும் இப்படித்தான், அதனால்தான் அலுமினிய ரிசீவர். உங்களுடையதில் போல்ட் ரிசீவரிலேயே பூட்டுகிறது என்றால் அங்கே அலுமினியம் ஆகாது, ஸ்டீல் அல்லது டைட்டானியம்தான்.

(7075-இன் கதையே தனி. 1930-களில் ஜப்பானில் சுமிட்டோமோ ரகசியமாகச் செய்து ஜீரோ போர் விமானத்துக்குப் போட்டது, பிடிபட்ட விமானத்தைப் பிரித்துப் பார்த்து 1943-இல் அமெரிக்காவின் அல்கோவா அதையே கொண்டுவந்தது.)

பழைய_இரும்பு:
லேசு லேசு என்று ஓடியதில் ஆர்மலைட் கம்பெனிக்கு நடந்ததையும் சொல்லுங்கள். ஏஆர்-15-க்கு முன்னோடியான ஏஆர்-10-இன் பேரலையே அலுமினியத்துக்குள் மெல்லிய ஸ்டீல் குழாய் வைத்துச் செய்தார்கள், வடிவமைத்த யூஜின் ஸ்டோனர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் கம்பெனித் தலைவர் சல்லிவன் பிடிவாதமாக இருந்தார். 1957-இல் அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி ஆயுதச் சாலை நடத்திய சோதனையில் பேரல் வெடித்தது. அப்புறம் ஸ்டீல் பேரலுக்கு வந்துவிட்டார்கள், ஆனால் அதற்குள் பெயர் கெட்டுவிட்டது.

அலாஸ்கா_மழை:
எல்லாரும் கிராம் கணக்கே பார்க்கிறீர்கள். நான் டைட்டானியம் வாங்கினேன், வருத்தமில்லை. கடற்கரை மலைகளில் ஆடு வேட்டை, வாரம் முழுக்க உப்புக் காற்றும் மழையும், கூடாரத்துக்குள்ளேயே எல்லாம் ஈரம். ரிசீவரில் துருவே கிடையாது, எண்ணெய் போட மறந்தாலும் கவலையில்லை. பேரல் ஸ்டெயின்லெஸ், அதைத் துடைத்தால் போதும். கொலராடோவின் உலர்ந்த குளிரில் இந்த நியாயம் பொருந்தாது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மொன்டானாவாசி:
அது சரியான காரணம், எடைக்காக இல்லை, துருவுக்காக. தம்பி, கொலராடோ டேக் குலுக்கலுக்கு விண்ணப்பிக்க ஏப்ரல் தொடக்கத்தில் கடைசித் தேதி வந்துவிடும், அதை முதலில் பாருங்கள். பேரலின் முனை விட்டம் எவ்வளவு என்று அளந்து இங்கே போடுங்கள், வெட்டினால் துல்லியமாக எத்தனை கிராம் போகும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.