டயமண்ட் ஹெட் மலைக்கு 5 டாலர் கேட்பது கொள்ளையா?

ஓவாஹுவாசி:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "மலையும் கடலும் இயற்கை கொடுத்தது. ஹவாயில் அதைப் பார்க்க 5 டாலர் கேட்கிறார்கள். பகல் கொள்ளை" என்கிறார். நான் 14 வருடமாக ஹவாயின் ஓவாஹு தீவில் இருக்கிறேன். இங்கே இருக்கும் டயமண்ட் ஹெட் மலைப்பாதை 1908இல் ராணுவத்துக்காகப் போட்டது. 761 அடி உச்சிக்கு 225 அடி நீளச் சுரங்கத்துக்குள் புகுந்து ஏற வேண்டும். வெயிலில் சுருண்டு விழுகிறவர்களைத் தூக்கிப் போக ஹெலிகாப்டர் வருவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2022 மே மாதத்திலிருந்து வெளிமாநிலத்துக்காரர்கள் முன்பதிவு செய்துதான் வர வேண்டும். அதற்கு முன்னால் அந்தப் படிக்கட்டில் இருந்த நெரிசலைப் பார்த்தவர்கள் இதைக் கொள்ளை என்று சொல்ல மாட்டார்கள்.

சுற்றுப்பயணி78:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். நான் 5 டாலர் கட்டுகிறேன், ஹவாய்வாசி என்பதால் நீங்கள் சும்மா போகிறீர்கள். இரண்டு பேரும் ஒரே நாட்டில்தான் வரி கட்டுகிறோம். அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஓவாஹுவாசி:
டயமண்ட் ஹெட் மாநில அரசின் இடம். ஹவாய் மாநிலத்துக்கு வரி கட்டுவது நாங்கள். 'பெரிய தீவு' எனப்படும் ஹவாய் தீவில் இருக்கும் எரிமலைத் தேசியப் பூங்கா மத்திய அரசுடையது. அங்கே உள்ளூர்க்காரன் என்று எனக்கு யாரும் கதவைத் திறந்துவிடுவதில்லை, நானும் பணம் கட்டித்தான் போகிறேன்.

சுற்றுப்பயணி78:
எந்த அரசாக இருந்தாலும் பூங்கா பூங்காதான். நாங்கள் நான்கு பேர். ஆளுக்கு 5 டாலர், வண்டி நிறுத்த 10 டாலர். மொத்தம் 30. உங்கள் வீட்டில் நான்கு பேர் போனால் பூஜ்யம். போன வருடம் கிராண்ட் கேன்யன் பற்றி நான் எழுதியபோதும் இப்படித்தான் மாநிலம், மத்திய அரசு என்று பாடம் எடுத்தீர்கள். நான் மறக்கவில்லை.

கயல்விழி:
நாங்கள் மாவி தீவில் வையானாபானாபா போனோம். கருமணல் கடற்கரை, அவ்வளவு அழகு! அங்கேயும் 5 டாலர்தான். பிள்ளைகள் ஆசைப்பட்டதால் ஒரு சின்ன டப்பாவில் கொஞ்சம் மணல் எடுத்து வந்தோம்.

ஓவாஹுவாசி:
மேடம், மணலை எடுத்து வந்தீர்களா? ஹவாயில் கடற்கரை மணலை அள்ளிக்கொண்டு போவது சட்டப்படி குற்றம். எரிமலைக் குழம்பு கடல்நீரில் பட்டு நொறுங்கியும், அலை அந்தப் பாறையை அரைத்து அரைத்தும் உண்டான மணல் அது. மாவியின் ஹாலேயாகாலா எரிமலை வெடித்துச் சில நூறு வருடம் ஆகிவிட்டது. நீங்கள் அள்ளியதை ஈடுகட்டப் புதுக் குழம்பு அங்கே ஓடி வரப்போவதில்லை. வருகிறவர்கள் எல்லாரும் ஒரு டப்பா எடுத்தால் என்ன மிஞ்சும்?

கயல்விழி:
ஒரு கைப்பிடி மணலுக்கு இத்தனை பேர் முன்னால் என்னைத் திருடி மாதிரி நிறுத்துகிறீர்கள். குற்றம் என்று தெரியாமல் நடந்தது. கொஞ்சம் மரியாதையாகச் சொல்லியிருக்கலாம்.

சுற்றுப்பயணி78:
சகோதரி, விடுங்கள். அவருக்கு ஹவாயே சொந்தம் என்று நினைப்பு. 5 டாலருக்கு இன்னும் பதில் வரவில்லை.

பொன்னி:
2023 மார்ச் மாதம் காவாய் தீவில் 'இறைவன்' என்ற சிவன் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் போனோம். அப்படியே ஹாஎனா பூங்காவையும் பார்க்கலாம் என்றால் இடமே இல்லை. ஒரு நாளைக்கு 900 பேர்தானாம். கட்டணத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பணம் கொடுத்தும் உள்ளே விடாவிட்டால் எப்படி?

ஓவாஹுவாசி:
அந்த 900 எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். 2018 ஏப்ரலில் அந்தப் பக்கம் வைப்பாவில் 24 மணி நேரத்தில் 49.69 அங்குல மழை கொட்டியது. அமெரிக்காவிலேயே அதுதான் சாதனை. மலை சரிந்து சாலை போனது. ஒரு வருடத்துக்கு மேல் ஹாஎனா மூடியே கிடந்தது. அதற்கு முன்னால் தினம் 2,000 பேருக்கு மேல் வந்து, சாலை ஓரமெல்லாம் வண்டிகளை நிறுத்தி, ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுக்குப் போகவே திணறினார்கள். 2019 ஜூனில் திறந்தபோதுதான் 900 என்று வரம்பு போட்டார்கள். கோயிலுக்குப் போனேன் என்கிறீர்கள். அது இருப்பது வைலுவா ஆற்றங்கரை. அதே ஆற்றில் மாநிலப் பூங்கா இருக்கிறது, பழைய ஹவாய் மக்களின் கோயில் மேடைகளும் இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. போனீர்களா?

பொன்னி:
கோயிலுக்குப் போனதைக்கூடக் குத்திக் காட்டுகிறீர்களே. சாமி கும்பிடப் போன இடத்தில் ஆறு பார்க்கவில்லை என்று கணக்கா?

ஓவாஹுவாசி:
குத்திக் காட்டவில்லை. எல்லா இடத்திலும் வசூல் இல்லை என்றுதான் சொல்கிறேன். பெரிய தீவின் ஹீலோ ஊரில் வைலோவா ஆற்றங்கரைப் பூங்காவும் இலவசம்தான். 1960 சுனாமி அந்த ஊரில் 61 பேரைக் கொண்டுபோனது. வீடும் கடையுமாக இருந்த இடம் இன்று புல்வெளியாகக் கிடக்கிறது. அங்கே நிற்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். அப்படிப்பட்ட இடங்களைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. 5 டாலர், 5 டாலர் என்று அதையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சுற்றுப்பயணி78:
ஆமாம், 5 டாலர்தான். எனக்கு உண்டு, உங்களுக்கு இல்லை. சுனாமியைச் சொல்லித் திசைதிருப்ப வேண்டாம்.

ஓவாஹுவாசி:
மாநில வரி என்று தெளிவாகச் சொல்லியாயிற்று. மேலே போய்ப் படியுங்கள்.

பொன்னி:
சரி, ஹாஎனாவுக்கு எத்தனை நாள் முன்னால் பதிவு செய்யலாம்? அதையாவது சொல்லுங்கள்.

ஓவாஹுவாசி:
30 நாள் முன்னால், ஹவாய் நேரப்படி நள்ளிரவு 12 மணிக்குத் திறக்கும். விழித்திருந்து போடுங்கள்.

சுற்றுப்பயணி78:
நள்ளிரவில் விழித்திருந்து கட்ட வேண்டிய 5 டாலர். இவருக்கு அதுவும் வேண்டாம்.