கோயில் ஹால்ல மஞ்சும்மல் பாய்ஸ் போட்டது தப்பா?

பெருமாள்மலை தம்பி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். போன ஞாயிறு சாயங்காலம் எங்க சபை வாலிபர் கூட்டத்துல புரொஜெக்டர் வெச்சு மஞ்சும்மல் பாய்ஸ்ங்கிற மலையாளப் படத்தைக் காட்டினோம். வெளிய மழை, மூடுபனி, பசங்க ஒரு 30 பேரு, பெரியவங்களும் கொஞ்சம் பேரு வந்து உக்காந்துட்டாங்க. மறுநாள் காலைலயே ஒரு மூப்பர் போன் பண்ணி, ஆலய ஹால்ல குடிகாரப் படம் ஓட்டிருக்க, கமிட்டில பேசிக்கலாம்னு சொல்லி கட் பண்ணிட்டாரு. எனக்கு சோறு எறங்கல. 2006-ல நம்ம கொடைக்கானல் குணா குகையில நெசமா நடந்த சம்பவம், குழிக்குள்ள விழுந்த சிநேகிதனை விட்டுட்டு ஊருக்குப் போக மாட்டேன்னு ஒருத்தன் கயித்தைக் கட்டிக்கிட்டு எறங்குறான், தொண்ணூத்தொம்பது ஆட்டை விட்டுட்டு ஒத்தை ஆட்டைத் தேடிப் போன கதைதான இது? நான் பண்ணது தப்புன்னா நேரா சொல்லிடுங்க.

விழித்திரு:
தப்புதான் பிரதர், சுத்தி வளைக்காம சொல்றேன். தீங்கான காரியத்தை என் கண்முன் வைக்கமாட்டேன்னு சங்கீதம் 101 சொல்லுது. அந்தப் படத்துல பசங்க வண்டி ஏறுனதுல இருந்து குடி, கூத்து, தடுப்பு வேலியைத் தாண்டி போறது. வேலி தாண்டினவன் குழியில விழுந்தான், அதைத்தான் பிரசங்கம் பண்ணிருக்கணும். போதாததுக்கு அந்தக் குகைக்கு பழைய பேரே டெவில்ஸ் கிச்சன். பேயோட அடுப்படியப் பத்தி படம், அதை கர்த்தருடைய வீட்டுல போட்டுருக்கீங்க.

மூஞ்சிக்கல் மெக்கானிக்:
அண்ணே பேரை வெச்சு படத்தை தீர்ப்பு பண்ணா எப்படிண்ணே. வெள்ளைக்காரன் வெச்ச பேரு அது, 1991-ல கமல் நடிச்ச குணா படம் வந்த பெறகு அந்தப் பேரும் போயி குணா குகை ஆகிப்போச்சு. நாளைக்கு அங்க யாராச்சும் விழுந்தா பேரைப் பாத்துட்டா காப்பாத்தப் போவீங்க

விழித்திரு:
குணா மட்டும் என்ன, ஒரு பொண்ணைக் கடத்திட்டுப் போயி குகையில வெக்கிறவன் கதை. அதுல வர்ற கண்மணி அன்போடு பாட்டை இன்னைக்கு சண்டே ஸ்கூல் பிள்ளைங்க முணுமுணுக்குது. கண்ணு வழியா உள்ள போனது லேசுல வெளிய வராது பிரதர். யோபு தன் கண்களோட உடன்படிக்கை பண்ணான், நாம ஓடிடி சந்தாவோட பண்ணிட்டிருக்கோம்.

மேல்மலை அக்கா:
கடைசி வரி நல்லாருக்கு தம்பி, சிரிச்சுட்டேன். ஆனா ஒண்ணு கேக்குறேன். எங்கப்பா சினிமா கொட்டகை வாசல்ல கால் வெக்க விட மாட்டாரு, தியேட்டர்ல இருக்கும்போது இயேசு திரும்ப வந்துட்டா என்ன பண்ணுவன்னு கேப்பாரு. அதே அப்பா, 1979-ல எடுத்தாங்களே அந்த இயேசு படம், அதை ஊழியக்காரங்க தமிழ்ல பேச வெச்சு புரொஜெக்டரோட மலைக்குக் கொண்டாந்தப்ப, எங்க வீட்டு வெள்ளை வேட்டியத்தான் திரை கட்டக் குடுத்தாரு. பூண்டு காயப்போட்ட களத்துல உக்காந்து ஊரே பாத்து அழுதுச்சு. அப்ப சினிமாவே பாவம்னு சொன்னது என்னாச்சு? இன்னொன்னு, சினிமா ஆகாதுங்கிற வீட்டுல ராத்திரி ஏழு மணிக்கு மேல சீரியல் ஓடுது, மாமியார் சாப்பாட்டுல விஷம் கலக்குறா, மருமக பழி வாங்குறா, அதுக்கு நடுவுல குடும்ப ஜெபம். அதை எந்தக் கமிட்டியும் கேக்காது.

செண்பகனூர் சித்தப்பா:
நான் ஆர்.சி., கத்தோலிக்கன், ஆனாலும் வாய வெக்கிறேன். இந்தச் சண்டை புதுசு இல்ல, 1936-லயே 11-ஆம் பயஸ் பாப்பரசர் சினிமாவுக்குன்னே ஒரு சுற்றுமடல் எழுதினாரு, கெட்ட படத்துக்குப் போகமாட்டோம்னு அமெரிக்காவுல ஜனங்க உறுதிமொழி எடுத்ததைப் பாராட்டி. அப்புறம் 1995-ல சினிமாவுக்கு நூறு வயசு ஆனப்ப அதே வத்திக்கான் 45 படத்தைப் பட்டியல் போட்டுச்சு. அதுல பென்ஹர் இருக்கு சரி, காந்தி படமும் இருக்கு, கடவுள் இருக்காரா இல்லையான்னு ஒரு போர்வீரன் தவிக்கிற சுவீடன் படமும் இருக்கு. ஆக, படத்துல கெட்டது வருதாங்கிறது ஒரு கேள்வி, அந்தக் கெட்டதை படம் என்ன பண்ணுதுங்கிறது வேற கேள்வி. பைபிள்ல தாவீது ராஜா அடுத்தவன் பொண்டாட்டி பத்சேபாளை எடுத்துக்கிட்ட கதையை அப்படியே எடுத்தா நம்ம சென்சார்ல என்ன குடுப்பான்னு யோசிச்சுப் பாருங்க.

கூக்கால் பையன்:
சென்சார் சர்டிபிகேட் பாத்து போட வேண்டியதுதானே, சிம்பிள். இப்பத்தான் யூஏ-லயே 7, 13, 16னு வயசு பிரிச்சு 2024-ல ரூல்ஸ் வந்துருச்சே

செண்பகனூர் சித்தப்பா:
அது எந்த வயசுப் பிள்ளைக்கு ஆகும்னு சொல்லும் தம்பி, அவ்வளவுதான். பேஷன் ஆஃப் த கிரைஸ்ட் 2004-ல வந்தப்ப அமெரிக்காவுல ஆர் ரேட்டிங், 17 வயசுக்குக் கீழ பெரியவங்க துணை இல்லாம பாக்க முடியாது, அத்தனை ரத்தம். சபை சபையா டிக்கெட் எடுத்துப் போனாங்க. யூ சர்டிபிகேட் வாங்கின எத்தனையோ படத்துல பொண்ணு பின்னாடியே சுத்தி டார்ச்சர் பண்றவன்தான் ஹீரோ.

விழித்திரு:
தாவீது கதைக்கு அடுத்த அதிகாரத்துலயே நாத்தான் தீர்க்கதரிசி வந்து நீயே அந்த மனுஷன்னு சொல்றாரு ஐயா. சினிமாவுல நாத்தான் எங்க? குடிச்சவங்களுக்கு அதுல என்ன கண்டனம் இருக்கு? எழுத்தாளர் ஜெயமோகன் கிறிஸ்தவரே இல்ல, அவரே அந்தப் படம் குடியைக் கொண்டாடுதுன்னு எழுதினாரு, காட்டுல பாட்டிலை உடைச்சுப் போட்டா ஆனை காலுல ஏறும்னும் சேத்து. மலைக்காரங்க நமக்கு அது தெரியாதா? ஞாயித்துக்கிழமை ரோட்டோரம் போயி பாருங்க.

மேல்மலை அக்கா:
பாட்டில் விஷயத்துல உங்க கட்சிதான் நான். படம் ஓடுன பிறகு குகையைப் பாக்க வந்த கூட்டத்துல பாதிப் பேருக்கு கயிறு எறங்கினவன் ஞாபகம் இல்ல, பாட்டுதான் ஞாபகம், வேலிக்கு மேல ஏறி நின்னு செல்ஃபி.

மூஞ்சிக்கல் மெக்கானிக்:
எல்லாம் சரி, தம்பி ஒரு சந்தேகம். படம் எதுல போட்ட?

பெருமாள்மலை தம்பி:
பென் டிரைவ்லண்ணே

மூஞ்சிக்கல் மெக்கானிக்:
பென் டிரைவ்ல எப்படி வந்துச்சு

பெருமாள்மலை தம்பி:
டெலிகிராம்ல எறக்குனது

மூஞ்சிக்கல் மெக்கானிக்:
ஆத்தாடி. குடி இருக்கா, கூத்து இருக்கான்னு இத்தனை பேரு வசனம் எடுத்து அடிச்சுக்கிட்டோம், களவு பண்ண படத்தை ஆல்டர் பக்கத்துல ஓட்டிருக்காய்ங்க. 2023-ல சட்டத்தைத் திருத்தி திருட்டுத்தனமா எடுக்கிறவனுக்கும் பரப்புறவனுக்கும் மூணு மாசத்துல இருந்து மூணு வருஷம் ஜெயில், மூணு லட்சத்துக்குக் கொறையாம அபராதம்னு வெச்சிருக்கான். காசு கட்டி ஓடிடில வாங்கிருந்தாலும் அது வீட்டுல பாக்கத்தான், ஹால்ல முப்பது பேருக்குப் போட இல்ல. மூப்பர் இதைக் கேட்டாரா?

பெருமாள்மலை தம்பி:
கேக்கலண்ணே. நானும் நினைக்கல. சத்தியமா தோணவே இல்ல.

விழித்திரு:
எனக்கும் தோணல. ஒத்துக்குறேன். என் போன்ல கூட பாட்டு, மெசேஜ் எல்லாம் அப்படி வந்ததுதான், இன்னைக்கு ராத்திரி உக்காந்து அழிக்கணும்.

பதினாலு மாசம்:
இங்க நான் எழுதுறதே இல்ல, படிக்கிறதோட சரி. அன்னைக்கு அந்த ஹால்ல பாதியில எந்திரிச்சுப் போனது நான்தான், தம்பிக்கு என்னைத் தெரியும், பேரு வேணாம். குடிய விட்டு பதினாலு மாசம் ஆகுது. அவன் குழியில விழுந்ததுல்லாம் எனக்கு ஒண்ணும் பண்ணல, அதுக்கு முன்னாடி எல்லாரும் சேந்து குடிச்சுக்கிட்டு சிரிக்கிறாங்க பாருங்க, அந்தச் சிரிப்பு. எனக்கும் அப்படி ஒரு செட்டு இருந்துச்சு. நாக்கு ஊறுது, கை நடுங்குது, சபை ஹால்ல உக்காந்துக்கிட்டு. வராண்டாவுல போயி நின்னேன், எதிர்ல இருக்கிற மரம் தெரியாத அளவு பனி, ரோட்டுல எறங்கி நடந்தா கடை எத்தனை நிமிஷம்னு என் காலுக்குத் தெரியும். போகல. குளிர் தாங்காம திரும்ப உள்ள வந்தா அந்த ஆளு கயித்துல எறங்கிக்கிட்டு இருக்கான். உக்காந்து சின்னப்புள்ள மாதிரி அழுதேன், பக்கத்துல இருந்தவங்க படத்துக்கு அழுறேன்னு நினைச்சாங்க. போட்டது தப்புன்னு சொல்ல வரல, போட்டதுதான் சரின்னும் சொல்ல மாட்டேன். மொதல்லயே ஒரு வார்த்தை, அண்ணே இதுல குடி நெறைய வரும்னு சொல்லிருந்தா, அந்த அரை மணி நேரம் நான் கிச்சன்ல டீ போட்டுக்கிட்டு இருந்திருப்பேன்.

பெருமாள்மலை தம்பி:
அண்ணே. நீங்க பாத்ரூம் போறீங்கன்னு நினைச்சேன்ணே.

செண்பகனூர் சித்தப்பா:
பவுல் 1 கொரிந்தியர் 8-ல விக்கிரகத்துக்குப் படைச்ச இறைச்சியைப் பத்திச் சொன்னது இதைத்தான். இறைச்சியில தப்பு இல்ல, என் சகோதரனுக்கு இடறல்னா நான் தொடமாட்டேன்னு. ரேட்டிங்ல அந்தச் சகோதரன் பேரு போட்டிருக்காது.

விழித்திரு:
ஹால்ல சினிமா வேணாம்னுதான் இன்னும் சொல்றேன், அதுல மாறல. பதினாலு மாசம் அண்ணே, நான் நாயுடுபுரத்துலதான் இருக்கேன், கால் அந்தப் பக்கம் போற ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும் ஒரு மெசேஜ் போடுங்க, வண்டி எடுத்துட்டு வர்றேன்.

பெருமாள்மலை தம்பி:
மூப்பர்கிட்ட நாளைக்கே போயி பென் டிரைவ் விஷயத்தை நானே சொல்லிடுறேன், திட்டு வாங்க வேண்டியதுதான். அக்கா, உங்க அப்பா பாத்த அந்த இயேசு படம் அனுமதியோட போடணும்னா யாரைக் கேக்கணும்? வேட்டி எங்க வீட்டுலயே இருக்கு.